கோலாவின் ஒற்றை ஓட்டு

ஆஸ்திரேலியாவில் ஒரு தைலமரக் காடு. அதன் எம்.பி. கங்காரு, வேறு காட்டில் புல் நன்றாயிருக்கிறதென்று ராஜினாமா செய்துவிட்டுத் துள்ளிப் போய்விட்டது. வந்தது இடைத்தேர்தல். போன தடவை ஒரே ஓட்டில் தோற்ற ஈமு இம்முறை விடுவதாயில்லை. எதிரே, வளை தோண்டும் குண்டுப் பிராணி வாம்பட். மூன்றாவதாக, மரத்தை விட்டே இறங்காத கோலா.

அந்த ஊர்ச் சட்டப்படி எல்லா வேட்பாளருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண் போட வேண்டும். கடைசியாய் வந்தவரை நீக்கிவிட்டு, அவருக்கு விழுந்த சீட்டில் இரண்டு என்ற எண் யாருக்கோ அவருக்கு அந்த ஓட்டைக் கொடுத்துவிடுவார்கள்.

எண்ணினார்கள். ஈமுவுக்கு நாற்பது, வாம்பட்டுக்கு நாற்பது. கோலாவுக்கு ஒன்று; அதுவும் தனக்குத்தானே போட்டுக்கொண்டது.

ஈமு மரத்தடிக்கு ஓடியது. "அண்ணே, ரெண்டு எனக்குத்தானே?"

"உனக்குத்தான்ப்பா."

ஈமு ஆடத் தொடங்கியது.

"வாம்பட்டுக்கும் ரெண்டுதான்" என்றது கோலா.

"அட கூறுகெட்ட அண்ணே! அது செல்லாத ஓட்டாச்சே!"

"அக்கம்பக்கத்துல இருக்கோம். ஒருத்தனை மூணாவதுன்னு எழுதிட்டு நாளைக்கு அவன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

சமநிலை. மறுதேர்தல் என்று அறிவித்தார்கள்.

"இந்தத் தடவை நான் நிக்கலை" என்றது கோலா.

ஈமுவுக்கு உயிர் வந்தது. "அப்ப ஒண்ணு யாருக்கு அண்ணே?"

கோலா இலையை மென்றபடி யோசித்தது.

"ரெண்டு பேருக்கும்தான்."