மாப்பிள்ளைச் சட்டை

ராகலையில் பெண் பார்க்கப் போன வீட்டில் அண்ணன் யோகேஸ்வரனின் கை நடுங்கி, தேத்தண்ணி வேட்டியில் கொட்டியது. அவன் சட்டையில் சாராய நாற்றம் அடித்தது.

“மாப்பிள்ள கொஞ்சம் போட்டிருக்காப்புல,” என்றார் பெண்ணின் அப்பா.

“ஆமாங்க, அப்பப்பக் குடிப்பான்,” என்று இளித்தார் எங்கள் அப்பா.

“தேயிலத் தோட்டத்துல குடிக்காத ஆம்பள யாருங்க இருக்கா? தட்டு மாத்திக்குவோம்.”

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் அழுதான். “குடிய விட்டு ஒரு வருஷமாச்சு. ஏம்பா எம்மேல சாராயத்த ஊத்துனீங்க?”

“பின்ன, கை நடுங்குறது மனநோய் கிளினிக்குல குடுத்த மாத்திரையாலன்னு சொல்லச் சொல்றியா? குடிகாரனுக்குப் பொண்ணு குடுப்பாங்க. பைத்தியக்காரனுக்கு எவன்டா குடுப்பான்?”

சட்டையில் ஊற்றியது போகச் சாராயம் பாதிப் போத்தல் மிச்சமிருந்தது. அப்பா அதை அண்ணனின் மடியில் வைத்தார்.

“கல்யாணம் முடியிற வரைக்கும் மாத்திரைய விட்டுட்டு இதயே குடி.”