துண்டு விழாத பட்ஜெட்

மாசம் இருபதாம் தேதி தாண்டினால் ஐசக் கை நீட்டுவான் என்பது கேசவனுக்கு மனப்பாடம்.

"மச்சான், ஒரு பத்து ரூபா இருக்குமா? ஒண்ணாந்தேதி மணியார்டர் வந்ததும் தந்துடறேன்."

கேசவன் எடுத்துக் கொடுத்தான். கூடவே உபதேசமும்.

"ரெண்டு பேருக்கும் ஒரே காலேஜ், ஒரே ரூம். எங்கம்மா அனுப்பறதைவிட உங்கப்பா நூறு ரூபா ஜாஸ்தியா அனுப்பறார். எங்கடா போகுது அவ்வளவும்?"

"எங்கயோ போகுது, விடு."

"பட்ஜெட் போடுன்னா கேக்கறியா?"

ஐசக் சிரித்துக்கொண்டே ரூபாயைச் சட்டைப்பையில் வைத்தான்.

மேற்குத் தாம்பரத்தில், கங்கையம்மாள் வீட்டுப் பின்பக்க அறையில் இருவரும் வாடகைக்கு இருந்தார்கள். கேசவனுக்கு அப்பா இல்லை. அம்மா தனம் மதுராந்தகம் பக்கத்தில் வயல்கூலி. காலேஜில் சேர்ந்த முதல் மாசமே பாதியில் பணம் தீர்ந்துபோக, "எனக்கு இது கட்டுப்படியாகாது. ஊருக்கே போய் ஏதாவது வேலை பாக்கறேன்" என்று பெட்டியைக் கட்டிவிட்டான்.

அன்றைக்கு அவனைப் பிடித்து உட்கார வைத்தது ஐசக்தான். "பெட்டி எங்க ஓடப் போகுது? செலவு என்னென்னன்னு எழுதிப் பாருடா. சமாளிக்கலாம்."

எழுதினான். வாடகையில் பாதி, மெஸ், சோப்பு, ஜெராக்ஸ். பஸ்ஸுக்குப் பதில் நடை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மசால்வடை.

அடுத்த மாசம் துண்டு விழவில்லை. அதற்கடுத்த மாசமும் விழவில்லை. பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. இப்போது இரண்டாம் வருஷம். கேசவன் வகுப்பில் எல்லாருக்கும் பட்ஜெட் போட்டுக் கொடுக்கிற ஆள்.

ஐசக்குக்கு மட்டும் ஏறவில்லை. அன்று ராத்திரியும் மெஸ்ஸுக்கு வராமல் டீக்கடையில் பன்னும் டீயுமாக முடித்துக்கொண்டான்.

"போன வாரம் சினிமாவுக்குப் போன இல்ல? அனுபவி" என்றான் கேசவன். சொன்னானே தவிர மனசு கேட்கவில்லை. மெஸ்ஸிலிருந்து இரண்டு சப்பாத்தியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தான். ஐசக் இரண்டையும் சாப்பிட்டு முடித்தான்.

மறுவாரம் அக்கா கல்யாணத்துக்காக ஐசக் ஊருக்குப் போயிருந்தான். கங்கையம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாபா, ஐசக்கு எப்ப வருது?"

"வர நாலு நாள் ஆகும்மா. ஏன், வாடகை குடுத்தாச்சே?"

"வாடகை வந்துச்சு. கரண்ட்டு காசு, லாரித் தண்ணி காசு கீதுல்ல? லாரிக்காரன் வந்து பேஜார் பண்றான்."

"அதெல்லாம் வாடகையிலயே சேர்த்திதானேம்மா?"

"நல்லா சொன்ன போ. தண்ணி இன்னா சும்மாவா வருது? மொதல்லேந்து அந்தத் தம்பிதான் தனியா குட்த்துகினு கீது. ரெண்டு பேருக்கும் சேத்துதான்."

கேசவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"என்கிட்ட ஏம்மா ஒரு தடவைகூட நீங்க கேக்கல?"

சொல்லலாமா வேண்டாமா என்று கங்கையம்மாள் ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"அந்தத் தம்பிதான் கேக்க வேணாம்னு சொல்லிச்சு. 'இப்பத்தான் ஒரு கணக்குப் போட்டு மனசத் தேத்திகினு படிக்கிறான். அதுல துண்டு வுழுந்தா ஊருக்குக் கெளம்பிடுவான். அப்பால நான் ஒண்டியா இந்த ரூம்ல இன்னா பண்றது'ன்னு."