இடுப்பு வளையம்

“அதைப் பூட்டாதே நவமணி! பூட்டினா ஆளு செத்தான்லா!”

வெல்டர் பத்துமலை, கையிலிருந்த ரொட்டியைக் கடிக்க மறந்து கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கத்தாதீங்கண்ணே. கீழ கேட்கப் போவுது. எதைப் பூட்டணும், எதை விடணும்னு எனக்குத் தெரியும்.”

மெங்லெம்புவில் பாமாயில் ஆலைகளுக்கு இயந்திரம் செய்யும் பட்டறை அது. மாடியில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். இயந்திரத்தின் துண்டுகளை அதில் தனித்தனியாக வரைந்து, எது எதோடு ஒட்ட வேண்டும், எது சுழல வேண்டும், எது அசையவே கூடாது என்று சொல்லிக் கோப்பது நவமணியின் வேலை. ஆனால் இந்தச் சாப்பாட்டு நேரத்தில் அவள் கோத்துக்கொண்டிருந்தது இயந்திரம் இல்லை. தைப்பூசத்துக்கு ஒரு காவடி.

போன வருஷம் பத்துமலை கண்ணளவில் பற்றவைத்த காவடி, பாதி வழியில் சுமந்தவரின் தோளைப் பதம் பார்த்துவிட்டது. அந்த ஆள் இன்னும் பத்துமலையோடு பேசுவதில்லை. அதனால்தான் இந்த முறை நவமணியைக் கெஞ்சிக் கூட்டு சேர்த்திருந்தான். காவடிக் குழுவை நடத்தும் சதாசிவம் அளவுகளை மட்டும் கொடுத்திருந்தார். சுமக்கப் போவது யார் என்று கேட்டதற்கு, “பேரு வேணாங்கிறாருப்பா” என்று முடித்துவிட்டார்.

முதலாளி லியோங்குக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். எல்லோரும் தவுக்கே என்று கூப்பிடும் அந்த மனுஷருக்குக் கம்ப்யூட்டர் உயிர். அதில் கல்யாணப் பத்திரிகைக்குப் பூ வரைந்த ஒருவன் அன்று சாயங்காலமே வேலையை இழந்தான். நவமணிக்கும் அதே கதி என்றால், மறுபடியும் ரப்பர் தோட்டம்தான். விடியும் முன்னே பால் வாளி, கொசு, கங்காணியின் வாய்.

“மொதல்ல இடுப்பு வளையம். அதை ஆணியடிச்ச மாதிரி நிறுத்தியாச்சு. மத்ததெல்லாம் அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் நிக்கணும்” என்று விசைகளைத் தட்டினாள் நவமணி. “தோள்பட்டை தோளோட ஒட்டி உக்காரணும். மேல வளைவு மட்டும் முன்ன பின்ன ஆடலாம். பக்கத்துக்குச் சாயக் கூடாது.”

“வீட்டோட மாப்பிள்ளை மாதிரின்னு சொல்லு. அசையலாம், ஆனா மாமியார் காட்டுற பக்கம் மட்டும்.”

நவமணி சிரித்துக்கொண்டே அளவுச் சீட்டைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

“இடுப்பு நாப்பத்து நாலா! அண்ணே, சரியாத்தான் எழுதினீங்களா?”

“சதாசிவம் அண்ணன் சொன்னது அதான். மனுசனா, பால் டாங்கியான்னு நானும் கேட்டேன்.”

“இவரு காவடியைத் தூக்குவாரா, காவடி இவரைத் தூக்கணுமா?”

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபோது பின்னால் ஒரு செருமல் கேட்டது. கதவோரம் தவுக்கே லியோங் நின்றிருந்தார்.

“இது என்னா?”

“பா... பாமாயில் மில்லுக்கு, தவுக்கே. பழக்குலை தூக்குறதுக்கு” என்றாள் நவமணி.

“பழக்குலை தூக்க எதுக்குலா மயிலிறகு சொருகுற ஓட்டை?”

பத்துமலை ரொட்டியை மெல்லாமலே விழுங்கினான். தவுக்கேயின் அப்பா தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர். தமிழ்ப் பிள்ளைகளோடு கோலி ஆடி வளர்ந்த ஆளிடம் காவடியை எப்படி ஒளிப்பது?

“யாரு செய்யச் சொன்னது?”

“கோயில்ல சதாசிவம் அண்ணன். தூக்குற ஆளு யாருன்னு சத்தியமா தெரியாது, தவுக்கே” என்றான் பத்துமலை.

தவுக்கே கத்தவில்லை. நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“தோள்ல குத்துமா?”

“குத்தாது.”

“இது ஏன் ஆடுது? இதையும் பூட்டு.”

அத்தனை பயத்திலும் நவமணிக்குக் கோபம் வந்தது. “எல்லாத்தையும் பூட்டினா எப்படி, தவுக்கே? ஆளு கொஞ்சம் குனிஞ்சாலும் மொத்தப் பாரமும் முதுகை இழுக்கும். இடுப்பைப் பூட்டணும், இதை விடணும். பாருங்க.” ஒரு விசையைத் தட்டினாள். திரையில் வளைவு முன்னே சாய்ந்து, பின்னே வந்து, நேராக நின்றது.

“ஆடத் தெரியாத ஆளா இருந்தா?”

“நடந்தாப் போதும்.”

“புந்தோங்குலேருந்து குனோங் சீரோ மலைக்கோயில் வரைக்குமா? இந்த உடம்பை வச்சுக்கிட்டு?”

“அது முருகன் பாடு. வளையம் என் பாடு.”

தவுக்கே தாடையைச் சொறிந்தார். “வளையத்தைக் கொஞ்சம் சின்னதாப் பண்ணு. விரதத்துல ஆளு இளைச்சிருவான்.”

“எங்க இளைக்கிறது? பூசம் பக்கத்துல வந்துருச்சு. அந்த வயிறு எங்கேயும் போவாது, தவுக்கே.”

பத்துமலை மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தான்.

தவுக்கே எழுந்தார். மாடிப்படியை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். நவமணி தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“வரைஞ்சது நான்தான். அண்ணனை ஒண்ணும் சொல்லாதீங்க. அவருக்கு மூணு புள்ளைங்க.”

“பையைக் கீழ வை. வேலை முடியல” என்ற தவுக்கே, சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றினார். “நல்லாப் பாத்துக்க. இந்த எலும்புல மட்டும் குத்தக் கூடாது” என்று சட்டையை விலக்கித் தோளைக் காட்டினார். காவடி எடுப்பவர்கள் போடும் விரத மாலை அவர் கழுத்தில் தொங்கியது.