எத்தனை டிகிரி

எண் ஏறிக்கொண்டே போனது. மைனஸ் நாலில் நிற்க வேண்டியது, இப்போது பிளஸ் ஆறு. யமுனா குத்துக்காலிட்டு உட்கார்ந்து மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கொதித்தது.

திருப்பதி ஆய்வுக்கூடத்தில் அவள் பார்ப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். குவாண்டம் கம்ப்யூட்டரின் சிப்பை அண்டவெளியைவிடக் குளிராக வைத்திருக்க வேண்டும். துளி சூடேறினாலும் கணக்கு கலைந்துவிடும். ஆனால் இது ஆய்வுக்கூடம் இல்லை. நகரியில் அவள் பிறந்த வீடு. ஐஸ் பெட்டிக்குள் கிடப்பது அவளைப் பெற்ற நைனா பாலசுந்தரம்.

துபாயிலிருந்து தம்பி மணிவேல் நாளைக் காலையில்தான் வருகிறான். அதுவரைக்கும் முகம் கெடக் கூடாது.

"நீதான் ஃபிரிட்ஜு வேலை பாக்குறியே, நீயே பாரு" என்றாள் அத்தை கோவிந்தம்மாள். பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பி, "ஒரு சொட்டு கண்ணீர் வரல. கல்லு மாதிரி கீறா" என்றாள்.

யமுனாவுக்கு அழுகை வரவில்லைதான். ஃபிரிட்ஜு வேலை என்று தெருவெல்லாம் சொல்லி வைத்ததே நைனாதான். வேலை கிடைத்த அன்று விசைத்தறி இரைச்சலுக்கு நடுவில் நின்று ஒரு மணி நேரம் விளக்கினாள். மனுஷன் நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அப்புறம் எட்டு வருஷமாய் போனில் ஒரே கேள்விதான். "ஸ்வெட்டர் போட்டுக்கினியா?" திருப்பதி வெயிலில் ஸ்வெட்டராம். சொன்னது ஒன்றும் காதில் ஏறவில்லை என்று அவளும் விளக்குவதை விட்டுவிட்டாள். ஒரு தடவையாவது என் வேலை என்னவென்று கேட்டிருக்கலாம் என்பது மட்டும் உள்ளே கிடந்தது. போன வாரமும் அதே ஸ்வெட்டர். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிட்டாள். அதுதான் கடைசி.

பெட்டியின் கால்மாட்டைச் சுற்றி வந்து பார்த்தாள். தறிக்காரர்கள் ஆளுக்கொன்றாய், தாங்கள் நெய்ததையே கோடித்துணி என்று கொண்டுவந்து பெட்டி மேல் போர்த்திவிட்டுப் போயிருந்தார்கள். அத்தனையும் சரிந்து மோட்டாருக்குக் காற்று போகிற கம்பி ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாய் எடுத்து மடித்தாள். எண் இறங்க ஆரம்பித்தது. ஐந்து. மூன்று.

பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்த தேவேந்திரன் பக்கத்தில் வந்து நின்றார். "போன மாசம் உங்க நைனா என் கடைக்கு வந்தாரும்மா. யாருக்குப் பெட்டின்னு கேட்டேன். யாருக்கும் இல்ல, சும்மா ஓட்டிக் காட்டுன்னாரு. மூடியைத் தெறந்து உள்ள கையை வுட்டுக்கினு நின்னாரு. வெறைச்சிப் போவும், எடுங்கன்னேன். எடுக்கவே இல்ல."

மடித்த துணி மேல் யமுனாவின் கை நின்றது. "எதுக்காம்?"

"'எம்பொண்ணு தெனம் இந்தக் குளுருலதானே நிக்குது'ன்னாரு."