சுருதி விலகாத கிட்டார்

மடியில் ஒன்று, மேசைமேல் ஒன்று என்று இரண்டு கிட்டார்களை வைத்துக்கொண்டு, சிதம்பரம் மேல வீதிக் கடையில் முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தான் அன்பரசு.

மேசைமேல் கிடந்தது அவனுடைய பழசு. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் வெறும் சுருள்வில்தான். பிரிட்ஜிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் லீவரை அழுத்தினால் நாதம் குழையும். விட்டால் திரும்பி வரும். ஆனால் புறப்பட்ட இடத்துக்குச் சரியாக வந்து சேராது. இரண்டு கம்பியாவது சுருதி விலகி நிற்கும்.

மடியில் இருந்தது புதுசு. இதிலும் சுருள்வில் உண்டு. கூடவே, கம்பிகளை இரண்டு முனையிலும் திருகு போட்டு இறுக்கிப் பூட்டிவிடலாம். என்ன ஆட்டு ஆட்டினாலும் சுருதி அசையாது.

"பாட்டுக்குப் பாட்டு நீ திருகிக்கிட்டு நின்னா, கல்யாண வீட்டு சனம் எழுந்து பந்திக்குப் போயிடுதுடா! புதுசு இல்லாம வந்தே, குரூப்ல வேற ஆளு வாசிப்பான்" என்று கடலூரில் பஸ் ஏற்றும்போதே சொல்லிவிட்டார், குழுவை நடத்தும் சிங்காரம். நல்ல காது என்று பாடகி பிரிசில்லாவையும் கூடவே அனுப்பியிருந்தார்.

திருகிச் சுருதி சேர்க்கிற அந்தக் கால் நிமிடம் இருக்கிறதே, அதற்காகத்தான் அன்பரசு இரண்டு வருடமாகக் கச்சேரிக்கே போய்க்கொண்டிருந்தான்.

பிரிசில்லா மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவன் பக்கம் குனிவாள். அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு 'ஸா' பிடிப்பாள். கம்பி அதில் வந்து சேரும்வரை விடமாட்டாள்.

பாட்டுக்குத் தேவையே இல்லாத இடத்திலெல்லாம் அவன் லீவரை அழுத்தியிருக்கிறான்.

"இதுல கம்பி அறுந்தா மாத்தவே அரை மணி நேரம் ஆவும். பழசே தேவல" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பிரிசில்லா சிரிக்கவில்லை.

"புதுசையே எடுங்க மாஸ்டர். நீங்க வேணும்னே அழுத்துறப்பல்லாம் ஸா பிடிக்க, பொங்கலுக்கப்புறம் நான் இருக்க மாட்டேன். திட்டக்குடியில என்னைக் கட்டிக் குடுக்குறாங்க. அவுங்க மட்டும்தான வந்து பொண்ணு கேட்டாங்க."

அன்பரசு புதுசின் கம்பிகளை ஒரு முறை மீட்டி, லீவரை அடிமட்டம்வரை அழுத்திவிட்டுக் கையை எடுத்தான்.

நாதம் தொய்ந்து, துவண்டு, எழுந்து வந்து கிளம்பிய இடத்திலேயே நின்றது. ஒரு இழை பிசகவில்லை.

பழக்கத்தில் ஸா பிடிக்கத் திறந்த வாயை, பிரிசில்லா மெல்ல மூடிக்கொண்டாள்.