யாரும் சொல்லலீங்க

“அந்தாளு பக்கத்துல உக்காராத,” என்று மனைவி விஜயராணியின் கையைப் பிடித்து இழுத்தான் சார்லஸ்.

பள்ளிக்கூட ஹாலில் நிற்கக்கூட இடமில்லை. மதகுக் காவல்காரர் பச்சையப்பனைச் சுற்றி மட்டும் நாற்காலிகள் காலி. விஜயராணி நின்றுகொண்டாள்.

ஐப்பசி மழையில் ஏரி மதகைத் திறந்ததில் தெருவே மூழ்கிவிட்டது. சட்டசபையில் கூச்சல், வெளிநடப்பு, அப்புறம் ஒரு சிறப்பு விசாரணைக் குழு. அதுதான் இப்போது மேடையில்.

தலைவர் மைக்கைத் தட்டினார். “எலோ... எலோ... முன்னறிவிப்பு செய்யப்பட்டதா என்பதை இக்குழுவானது, எவ்விதப் பாரபட்சமுமின்றி...”

“எங்க ஆட்சியில இப்படி மதகு திறந்ததே இல்ல,” என்றார் இடப்பக்க உறுப்பினர்.

“ஒங்க ஆட்சியில ஏரியில தண்ணியே இல்லியே,” என்றார் வலப்பக்கம்.

தெருக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். வள்ளியம்மாள் எழுந்தாள். “ஒரு ஈ காக்கா வந்து சொல்லலீங்க.”

நாகராஜன் எழுந்தார். “யாரும் சொல்லலீங்க.”

விஜயராணி தரையைப் பார்த்தபடி, “யாரும் சொல்லலீங்க.”

கடைசியாகப் பச்சையப்பன்.

“தெருவுக்குப் போய் எச்சரித்தீரா?”

“இல்லீங்க.”

“ஏன்?”

“தோணலீங்க.”

“குறித்துக்கொள்ளுங்கள். கடமை தவறிய தற்காலிக ஊழியர். பணிநீக்கத்துக்குக் குழு பரிந்துரைக்கும்.”

சார்லஸ் பலமாகக் கைதட்டினான். கூட யாரும் தட்டவில்லை.

கார்கள் கிளம்பின. பச்சையப்பன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். “மழ விட்டுச்சி போலருக்கே,” என்று பொதுவாகச் சொன்னார். யாரும் பதில் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார்.

“மனுசனா இவன்?” என்றான் சார்லஸ்.

“சும்மா வாங்க.” விஜயராணியின் கண் கலங்கியிருந்தது.

“இன்னாடி?”

தெரு திரும்பியதும் அவள் சொன்னாள்.

“அன்னிக்கு நீங்க கம்பெனியில இருந்தீங்க. மதகத் தொறக்கறதுக்கு முன்னாலயே அவரு வூடு வூடா வந்து சொன்னாரு. இங்க எங்க தண்ணி வரப்போவுதுன்னு நாங்கதான் டிவி பாத்துனு இருந்தோம். கழுத்தளவு தண்ணியில நம்ம பையன் கலைவேந்தனத் தோள்ல தூக்கினு போனதும் அவருதான்.”

சார்லஸ் நின்றுவிட்டான். “என்னாண்ட ஏன் சொல்லல?”

“ஒங்க வாயி ஊருக்கே தெரியும். சொல்லியும் போவலன்னா நம்ம தப்புன்னு எழுதிடுவாங்களாம். மேட்டுல கவருமெண்டு குடுக்கற மாத்து வூடு கெடைக்காதாம். ‘நான் வரவேயில்லன்னு சொல்லிடுங்க. நான் ஒண்டிக்கட்ட, எனக்கின்னா’ன்னு அவரேதான் சொன்னாரு.”

“சரி, அதுக்கு ஏன் ஊரே அவராண்ட பேசாம இருக்குது?”

“பேசினா குழுவுக்குச் சந்தேகம் வரும்னுதான்.”

“குழுதான் போயிடுச்சே. இப்பப் பேசலாமில்ல?”

விஜயராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இனிமே எந்த மூஞ்சிய வெச்சினு பேசறது?”