பொட்டு கடிக்கும்

"கலை! நாயப் புடி, மொதல்ல நாயப் புடி!"

மாதவராஜ் கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினான். பக்கத்து வீட்டு ராணியம்மாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அலற, அவள் கணுக்காலைக் கவ்விக்கொண்டு தொங்கியது பொட்டு. ஒரு முழம் உயரம்கூட இல்லாத வெள்ளை நாய். மடியில் போட்டால் சுருண்டு தூங்கிவிடும். ஆனால் வெளியாள் கால் வாசலில் பட்டுவிட்டால் வெறி வந்தது போலப் பாயும்.

அவன் மனைவி கலைமதி ஓடி வந்து தூக்கிய பிறகுதான் விட்டது.

"கொழம்பு குடுக்க வந்தவ கால இப்படிக் கொதறி வெக்குதே, நாயா பேயா இது?" ராணியம்மாள் அழுதாள். ரத்தம் பாதம் வரை வழிந்திருந்தது.

அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு பென்னாகரம் ஆஸ்பத்திரிக்கு ஓடினான் மாதவராஜ். தடுப்பூசி போட்டு, மன்னிப்புக் கேட்டு, வீட்டில் கொண்டுவந்து விட்டான். இன்றைக்குக் கால். நாளைக்கு ஒரு குழந்தையின் முகமாக இருந்தால்?

போன வருடம்வரை பொட்டு இப்படி இல்லை. இப்போது சிலிண்டர்க்காரர் தெருவிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுகிறார். கரண்ட் ரீடிங் எடுக்க வருபவர் திட்டிவிட்டுப் போகிறார். அவன் சொந்த அக்காவே வருவதை நிறுத்திவிட்டாள். அவனோ வாரம் முழுக்க ஓசூர் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீடு.

சேதி கேட்டு சித்தப்பா கிருஷ்ணப்பன் சாயங்காலமே வந்துவிட்டார். அப்பா இறந்த பிறகு மாதவராஜைப் படிக்க வைத்து, கல்யாணமும் செய்து வைத்தவர். தடியை ஊன்றியபடி கேட்டுக்கு வெளியிலேயே நின்று பேசினார். உள்ளே பொட்டு குரைத்துத் தீர்த்தது.

"யாராச்சும் போலீசுக்குப் போனா நீதான்டா பதில் சொல்லணும். நாளைக்கு மத்தியானம் கார் எடுத்தாறன். தொப்பூர் கணவாய்ல எறக்கி வுட்டுட்டு வந்துடலாம்."

"சரிங்க சித்தப்பா."

கலைமதி கதவுக்குப் பின்னாலிருந்து, "வேணாங்க" என்றாள். "லாரி போற ரோடுங்க அது. நசுங்கிப் போயிடும்."

"போனாப் போவுது வுடும்மா. வேற ஒண்ணு வாங்கித் தரன்" என்றார் சித்தப்பா.

அவர் போன பிறகு கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது இல்லாம என்னால இந்த வூட்ல இருக்க முடியாதுங்க." முகம் வெளுத்திருந்தது.

ஒரு நாய்க்காக இப்படியா என்று மாதவராஜுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் லீவு சொல்லிவிட்டு, பொட்டுவைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனான்.

டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு, வெளியே இருந்து ஒருவரைத் தட்டச் சொன்னார். பொட்டு துள்ளி எழுந்து கதவில் மோதிக் குரைத்தது. தட்டுவது நின்றதும் குரைப்பும் நின்றது. நேராக மாதவராஜின் காலடிக்கு வந்து உட்கார்ந்து, வாலை ஆட்டியபடி அவன் கையையே பார்த்தது.

"என்ன கேக்குது பாத்தீங்களா?"

"தெரியலீங்க மேடம்."

"தீனி கேக்குது. கொரைச்சதுக்குக் கூலி. இது வெறி இல்லீங்க. யாராவது வந்தா பாயணும்னு யாரோ உக்காந்து பொறுமையா பழக்கியிருக்காங்க."

"எங்க வூட்ல நாங்க ரெண்டு பேருதாங்க மேடம்."

டாக்டரம்மா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பொட்டுவைத் தூக்கி அவன் கையில் கொடுத்தார்.

திரும்பும் வழியில் மாதவராஜுக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்தது. நேற்று இருந்த பயம் வேறு, இது வேறு. யாருமே வாசல்படி ஏறக்கூடாது என்று ஒருத்தி நினைக்கிறாள் என்றால், நான் இல்லாத நாட்களில் அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது? எதை மறைக்கிறாள்? யாரை மறைக்கிறாள்?

கலைமதி சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பொட்டு அவன் கையிலிருந்து தாவி அவள் மடியில் ஏறிக்கொண்டது.

"இதுக்குக் கடிக்கச் சொல்லிக் குடுத்தது நீதானே?"

அவள் தலை குனிந்தது. "ஆமாங்க."

மறுப்பாள் என்று நினைத்திருந்தான்.

"ராணியக்கா உனக்கு என்ன பண்ணுச்சு? சிலிண்டர்க்காரர் என்ன பண்ணாரு? எங்க அக்கா என்ன பண்ணுச்சு?"

"அவங்க யாரும் எனக்கு ஒண்ணும் பண்ணலீங்க."

"அப்பறம் எதுக்கு? யாரு வந்து எதைப் பாத்துடுவாங்கன்னு பயந்த?"

வெளியே கார் வந்து நின்றது. ஹாரன் அடித்தது.

"மாதவா! சாக்கு கொண்டாந்திருக்கன். நாயக் கட்டிப் போடு, உள்ள வரன்!"

பொட்டு மடியிலிருந்து குதித்து ஓடி வாசல் கதவின் மேல் விழுந்து குரைத்தது. கலைமதி எழுந்து அவன் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். அவன் சட்டையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"நீங்க ஓசூர் போன பொறவு நான் தனியா இருக்கறதப் பாத்து உள்ள வர்றவரு இவரு ஒருத்தருதாங்க" என்றாள், குரலே எழும்பாமல். "இவர மட்டும் கடிச்சா ஏன்னு கேப்பீங்க. அதை என்னால வாயத் தொறந்து சொல்ல முடியாதுன்னுதான், எல்லாரையும் கடிக்கப் பழக்கினன்."